கல்ரயில் போன வழி

அரியலூருக்கு மாற்றலாகி வந்த இரண்டாவது வருடம், தை மாதம் முடிகிற சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவியைக் கூட்டிக்கொண்டு கைவிடப்பட்ட ரயில் பாதை ஒன்றில் நடக்கப் போனேன். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டியோடு சினிமாவுக்குப் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள். நான் போனது அங்கே.

நான் திருச்சி பொன்மலையில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். அப்பாவுக்குப் பட்டறையில் வேலை. சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிடுகிற வீடு எங்களுடையது. எனக்கு ரயில்வேயில் வேலை கிடைக்கவில்லை. வேறொரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா ஆனேன். ஆனால் ரயில் பைத்தியம் போகவில்லை. பழைய தண்டவாளம் எங்கே கிடந்தாலும் நின்று பார்ப்பேன். என் மனைவிக்கு அப்படி எந்தப் பைத்தியமும் கிடையாது. குன்னத்துக்குப் பக்கத்தில் மானாவாரிக் காட்டில் பருத்தியும் சோளமும் போட்டுப் பிழைத்த குடும்பம். ஆடு மாடுகளோடு வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகுதான் முதன்முதலாக ரயிலில் ஏறினாள். இறங்கியதும், "பஸ்ஸே தேவலை" என்றாள்.

அரியலூரைச் சுற்றி மண்ணுக்கடியில் எல்லாம் சுண்ணாம்புக்கல். ஒரு காலத்தில் ஊருக்கு வடக்கே ஒரு சுரங்கத்திலிருந்து கல் ஏற்றிவர மெயின் லைனிலிருந்து கிளைப் பாதை ஒன்று போட்டிருந்தார்கள். மீட்டர் கேஜ். ஜனங்கள் அதைக் கல்ரயில் லைன் என்பார்கள். சுரங்கத்தில் கல் தீர்ந்துபோயிற்று. மெயின் லைனையும் அகலப் பாதையாக மாற்றினார்கள். கிளையை அப்படியே விட்டுவிட்டார்கள். ஏழு கிலோமீட்டர் இருக்கும் என்று ஆபீசில் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைகாட்டி மரம் நிற்கலாம், பழைய கேபின் இருக்கலாம், புல்லுக்குள் தண்டவாளம் பளபளக்கலாம் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். தண்ணீர் பாட்டில் இரண்டு, புளிச்சோற்றுப் பொட்டலம் இரண்டு, ஒரு துண்டு. காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிட்டோம்.

முதல் அரைக் கிலோமீட்டர் ஊரின் கழிப்பறை. இதை நாசூக்காகச் சொல்ல வழியில்லை. பாதை போட்ட மேடு உயரமாக, காற்றோட்டமாக, இரண்டு பக்கமும் சீமைக்கருவேல மறைப்போடு இருந்தது. அதைவிட வசதி யாருக்கு வேண்டும்? பழையது, புதியது, காய்ந்து வெளுத்தது, அன்று காலையில் இருந்தது. பாதையைப் பார்க்க வந்த நான் என் செருப்பு முனையை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். புதரோரம் குந்தியிருந்த ஓர் ஆள் ஒரு பெண்பிள்ளை வருவதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. வாயிலிருந்த பீடியைக்கூட எடுக்கவில்லை. என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பி நடந்தாள்.

"இதப் பாக்கத்தான் என்னெக் கூட்டியாந்தீங்களா?" என்றாள்.

"கொஞ்ச தூரம் போனா நல்லா இருக்கும்."

கொஞ்ச தூரம் போனால் கோழிக்கடைக் கழிவு. யூரியா சாக்குகளில் கட்டிக் கொண்டுவந்து மேட்டின் சரிவில் உருட்டிவிட்டிருந்தார்கள். நாய்கள் சாக்கைக் கிழித்துக் குடலை இழுத்துப் போட்டிருந்தன. இறகும் ரத்தமும் கலந்து வெயிலில் பிசின் மாதிரி இறுகிக் கிடந்தது. அதைத் தாண்டினால் ஊசிகள், ரத்தம் காய்ந்த பஞ்சு, குளுக்கோஸ் டியூப்கள். யார் கொண்டுவந்து கொட்டினார்களோ. எனக்கு எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. விழுங்கவும் பிடிக்கவில்லை, துப்பவும் பிடிக்கவில்லை.

தண்டவாளம் ஒரு துண்டுகூட இல்லை. முறைப்படி கழற்றியது பாதி, களவுபோனது மீதி என்று தெரிந்தது. மரக்கட்டைகளை உருவி எடுத்த இடங்கள் வரிசையாகப் பள்ளமாக இருந்தன. பக்கத்துக் காடுகளில் அந்தக் கட்டைகள் ஆட்டுப்பட்டிக்குக் காலாக நின்றன. ஜல்லியையும் வாரிவிட்டார்கள். ஒரு மரை, ஓர் ஆணி மிச்சம் இல்லை. பிணத்தின் காதிலிருந்து கம்மலைக் கழற்றுகிற மாதிரி கழற்றியிருக்கிறார்கள் என்று நான் மனைவியிடம் சொன்னேன். "கெடக்கறத எடுக்காம பூசையா பண்ணுவாங்க?" என்றாள் அவள்.

மூன்று கிலோமீட்டர் தாண்டி, மேட்டு நிலத்தை வெட்டி நடுவில் வழி எடுத்திருந்த ஓரிடம் வந்தது. அங்கேதான் முதல்முறையாக நான் நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு பக்கச் சுவரிலும் ஆள் உயரத்துக்குக் கல்லாகிப்போன சிப்பிகள் பதிந்திருந்தன. உள்ளங்கை அகலத்தில், வரிவரியாக. இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். மனைவி விரலால் ஒன்றைத் தடவிப் பார்த்தாள். இன்னும் பத்தடி போனதும் அதே சுவரில் யாரோ தாரால் ஒரு பெண்ணின் பெயரை எழுதி, பக்கத்தில் படமும் வரைந்திருந்தார்கள். என்ன படம் என்று சொல்ல வேண்டியதில்லை. கீழே இரண்டு வரி.

"போலாம் வா" என்றேன்.

அவள் நகரவில்லை. "இந்தப் பேருள்ள பொண்ணு இங்கதான் எங்கயாச்சும் இருக்கும். ஆடு ஓட்டிக்கிட்டு இந்த வழியாத்தான போவும்?" என்றாள். கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்து அந்தப் பெயரைத் தேய்த்தாள். தார் எளிதில் போகவில்லை. கால் மணி நேரம் தேய்த்து, பெயர் தெரியாமல் ஆக்கிவிட்டுத்தான் வந்தாள். படம் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு நான் திரும்பிவிடலாம் என்று சொன்னேன். ஆசை தீர்ந்துபோயிற்று. அவள்தான், "இம்புட்டு தூரம் வந்தாச்சு, அந்தச் சொரங்கத்தையும் பாத்துட்டே போயிருவோம்" என்றாள். அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் இதில் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

ஓர் ஓடை குறுக்கிட்ட இடத்தில் கருங்கல்லால் கட்டிய சின்னப் பாலம் இருந்தது. ஓடையில் தண்ணீர் இல்லை. பாலத்துக்கு இருபதடி முன்னாலேயே நாற்றம் வந்தது. காலையிலிருந்து அனுபவித்த நாற்றங்கள் எல்லாம் சேர்ந்தாலும் இதன் கிட்டே வராது. இனிப்பு கலந்த நாற்றம். அதுதான் தாங்கமுடியவில்லை.

"ஆடு ஏதோ செத்துக் கெடக்கு" என்றேன்.

அவள் நின்று மோந்து பார்த்தாள். "இது செத்த நாத்தம் இல்லீங்க. உசுரோட இருக்கற புண்ணு நாத்தம்."

சரிவில் இறங்கிப் போனாள். நான் சற்று நேரம் மேலேயே நின்றுவிட்டு, பிறகு இறங்கினேன். பாலத்துக்கு அடியில் சிமெண்ட் சாக்குகளை விரித்து ஓர் ஆள் படுத்திருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பக்கத்தில் ஓர் அலுமினியத் தட்டில் காய்ந்துபோன சோறு. வலது கால் முழங்காலுக்குக் கீழே துணியால் சுற்றியிருந்தது. துணியிலிருந்து மஞ்சளாக வடிந்துகொண்டிருந்தது. துணி தானாக அசைகிற மாதிரி எனக்குத் தெரிந்தது. உள்ளே புழு.

"எவடி அவ?" என்றார் அந்த ஆள். கண் முழுதாகத் திறக்கவில்லை. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் ஓடை மணலில் வாந்தி எடுத்தேன். காலையில் குடித்த காபி எல்லாம் வந்தது. வயிற்றில் ஒன்றும் இல்லாத பிறகும் குமட்டல் நிற்கவில்லை. என் முதுகுக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"எடுத்து முடிச்சிட்டீங்கன்னா தண்ணி பாட்டிலக் குடுங்க."

கொடுத்தேன். அவள் அந்த ஆளின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பிறகு குச்சியால் துணியை விலக்கினாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். "எங்க வூட்டு எருதுக்குக் காலு கொளம்புல இப்படி வந்திச்சு. சீத்தாப்பழ எலய அரச்சு வெப்பாங்க, புழுவு வெளிய வந்துரும். ஆனா இது எலைக்கெல்லாம் கேக்காது. எலும்பு தெரியுது. நீங்க ஊருக்குள்ள போயி இவரு யாருன்னு கேளுங்க, வண்டி கெடைக்குமான்னு பாருங்க" என்றாள். அங்கிருந்து போகச் சொன்னதற்காக அப்போது அவள்மேல் எனக்கு வந்த நன்றியை என்னால் சொல்ல முடியாது.

ஊர் ஒரு பர்லாங்கு தூரம். முதல் வீட்டிலேயே விவரம் தெரிந்தது. "அந்தாளா? பொண்டாட்டிய ஒதச்சே கொன்னவன் சார். நீங்க ஏன் அவங்கிட்டப் போறீங்க?" என்றார் வாசலில் உட்கார்ந்து பருத்தி பிரித்துக்கொண்டிருந்த ஒருவர். கல்ரயில் ஓடின நாளில் வேகனில் கல் ஏற்றுகிற வேலை செய்தவராம். கை கால் உரம் அப்படியாம். வயிற்றில் மிதித்ததில் மனைவி மூன்று நாள் கிடந்து செத்தாளாம். ஊரே சேர்ந்து கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள் என்று சொல்லிவிட்டதாம். இதைச் சொல்லும்போது அவர் கை பருத்தி பிரிப்பதை நிறுத்தவில்லை.

இரண்டு வீடு தள்ளி அந்த ஆளின் மருமகளைக் காட்டினார்கள். முப்பது வயது இருக்கும். இடுப்பில் குழந்தை. நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறவில்லை.

"தெரியுங்க. நான்தான் தெனமும் சோறு வெக்கிறேன்."

"இப்படியா ஒரு மனுஷன விட்டு வைப்பீங்க?"

"வூட்டுலதாங்க வெச்சிருந்தேன். அள்ளிப் போடறதும் நான்தான். ஒருநா அத எடுத்து எம்புள்ள மேலயே வீசுனாரு. எங்க வூட்டுக்காரரு தூக்கிட்டுப் போயி அங்க வுட்டுட்டாரு. ரெண்டு தரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். கால எடுக்கணும்னாங்க. எடுக்க வுட மாட்டேன்னு எந்திரிச்சு ஓடியாந்துட்டாரு. இன்னும் என்னங்க பண்ணச் சொல்றீங்க?"

கணவன் கல் லாரி ஓட்டுகிறவன், இரண்டு நாள் கழித்துத்தான் வருவான் என்றாள். அந்த ஊரின்மேல், அந்த ஆளின்மேல், பருத்தி பிரித்த கைகளின்மேல் எல்லாம் அருவருப்பாக இருந்தது. அதோடு ஒரு நிம்மதியும் இருந்தது. இப்படிப்பட்டவனுக்காக நாம் ஏன் கஷ்டப்பட வேண்டும், விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று ஒரு காரணம் கிடைத்துவிட்டதே.

திரும்பிப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

"அதுக்கு அவன ஜெயில்ல போட்டிருக்கணும். போடல. அதுக்காகப் புழுவு திங்க வுடறதா?" என்றாள். பிறகு, "வண்டி என்னாச்சு?" என்று கேட்டாள்.

அரை மணி நேரம் மேட்டின்மேல் நின்று கைகாட்டினேன். பக்கத்து மண் ரோட்டில் போன கல் லாரிகள் நிற்கவில்லை. ஒரு டிராக்டர் நின்றது. டிரெய்லர் நிறையப் பருத்தி மூட்டை. ஓட்டியவர் விஷயத்தைக் கேட்டதும் தலையை ஆட்டினார். "பருத்தியில நாத்தம் ஏறிடுச்சுன்னா எடுக்க மாட்டாங்க சார். வேற பாருங்க." மனைவி மேலே ஏறி வந்து அவரிடம் பேசினாள். அவர் குன்னத்துக்குப் பக்கத்து ஆள் என்று தெரிந்ததும், எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்து, எப்படியோ அவரை மூட்டைகளை ஒருபக்கமாக அடுக்க வைத்துவிட்டாள். சாக்கோடு தூக்கினோம். அவள் கால் பக்கம், டிராக்டர்காரர் தலைப் பக்கம், நான் நடுவில். நான் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினேன். அந்த ஆள் எங்கள் மூவரையும் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே வந்தார். சுரங்கத்தை நாங்கள் பார்க்கவில்லை.

டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஸ்ட்ரெச்சரைத் தள்ள வந்தவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டார். வராண்டாவில் எங்களைச் சுற்றி இடம் தானாகக் காலியாயிற்று. சாயங்காலம் டாக்டர் பார்த்தார். இளம் வயது. சீழ் ரத்தத்தில் ஏறிவிட்டது, காலை எடுக்காவிட்டால் இரண்டு நாள் தாங்காது, மறுநாள் காலையிலேயே எடுத்துவிடலாம் என்றார். அந்த ஆளுக்கு அப்போது நினைவு சரியாக இல்லை. காய்ச்சலில் ஏதேதோ பிதற்றிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட ஆள் வேண்டும்.

மறுநாள் காலையில் விஷயம் தெரிந்து மருமகள் பஸ் ஏறி வந்துவிட்டாள். தாளைப் பார்த்ததும் பின்வாங்கினாள். "நான் போட மாட்டேங்க. அவரு பொழச்சு வந்தா என்னெச் சும்மா வுட மாட்டாரு. எங்க வூட்டுக்காரரும் ஒதைப்பாரு." அவளை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. நர்ஸ் என்னிடம் பேனாவை நீட்டினார். காலை எடுக்கக் கூடாது என்று அந்த ஆள் இரண்டு முறை ஓடியவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் வாங்கினேன். உறவு என்ற இடத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதினேன். அப்படி எழுதினால் ஆகாது என்றார்கள். அடித்துவிட்டு 'மகன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனைவியை மிதித்துக் கொன்ற ஒருவனுக்கு என் கையால் மகன் என்று எழுதியபோது முந்தின நாள் ஓடையில் வந்த அதே குமட்டல் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் மனைவி முந்தின நாள் உடுத்திய சேலையைக் கொல்லையில் வைத்துக் கொளுத்தினாள். கல்யாணத்துக்கு அவள் அண்ணன் எடுத்துக்கொடுத்த சேலை. ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசையும்போது கை நின்றுவிடும். நான் அவளுக்குச் சமாதானமாக, "உனக்கு அருவருப்பே இல்லை, உன்னை மாதிரி யாராலும் முடியாது" என்றேன்.

"இல்லன்னு யாரு சொன்னது? இப்பவும் கைய மோந்தா நாறுது" என்றாள். "நீங்க வாந்தி எடுத்துட்டீங்க. எனக்கு அதுக்கும் நேரமில்ல."

அந்த ஆள் பிழைத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து, கக்கத்தில் ஒரு கட்டையை ஊன்றிக்கொண்டு அரியலூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் வந்து உட்கார ஆரம்பித்தார். நான் ஆபீசுக்குப் போகிற வழி அது. எப்படியோ என்னை யாரென்று தெரிந்துவைத்திருந்தார். நான் வருவதைப் பார்த்ததும் ஆரம்பிப்பார்.

"டேய், கால எடுக்கக் கையெழுத்துப் போட்டவனே. எவன்டா ஒன்னெக் கேட்டது? யார்ரா நீ எம்மவன்?"

பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் என் காலுக்குப் பக்கத்தில் துப்புவார். ஒருநாள் அது என் பேண்டில் விழுந்தது. நான் ஆபீசுக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பி வந்து குளித்தேன். அந்தப் பாலத்துக்கு அடியிலேயே கிடந்து செத்திருக்கலாம் என்று அன்றைக்கு வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதும் எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. ஆனால் அந்த நினைப்பு பொய் இல்லை. அதன்பிறகு பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு, மீன் கடைச் சந்து வழியாக ஆபீசுக்குப் போனேன். அந்தச் சந்தும் நாறும். இருந்தாலும் அது தேவலை என்று தோன்றியது.

என் மனைவி வழியை மாற்றிக்கொள்ளவில்லை. அவளையும் அவர் திட்டினார். ஒரு தடவை நானும் கூட இருந்தேன். அவள் நின்று, "கத்தறதுக்குத் தெம்பு இருக்குல்ல, அப்பறம் என்ன?" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவர்மேல் அவளுக்குப் பரிதாபம் ஒன்றும் கிடையாது. ஒரு தடவைகூட அவருக்கு டீ வாங்கிக் கொடுத்ததில்லை.

ஒரு வருடம் போல அப்படிப் போயிற்று. திடீரென்று அவர் வருவது நின்றுவிட்டது. மகன் வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் சொன்னார். நான் மறுநாளே பழைய வழியில் நடக்க ஆரம்பித்தேன்.

அதற்கு மூன்று வருடம் கழித்து எனக்குப் பெரம்பலூருக்கு மாற்றல் வந்து, சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு மத்தியானம் அந்த மருமகள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். விலாசத்தை ஆபீசில் கேட்டு வாங்கியிருக்கிறாள். ஒரு பையில் சின்ன வெங்காயம் கொண்டுவந்திருந்தாள். முன்பு பார்த்தபோது இருந்ததைவிட மெலிந்திருந்தாள். உட்காரச் சொன்னோம்.

"போன வெள்ளிக்கெழம மாமனாரு செத்துட்டாருங்க" என்றாள்.

"அப்படியா, பாவம்" என்றேன்.

"பாவமெல்லாம் இல்லீங்க. நல்லா இருந்துதான் செத்தாரு. மூணு வருசம் மாட்டுக் கொட்டாயில வெச்சு நான்தான் பாத்தேன். குளிக்க வுடறது, அள்ளிப் போடறது எல்லாம். திட்டு வாங்காத நாளு கெடையாது." அவள் என் மனைவியைப் பார்த்துப் பேசினாள். "எழவுக்கு வந்தவங்க எல்லாம் என்னெக் கட்டிப் புடிச்சு அழுவுறாங்க. நானும் அழுத மாரி இருந்தேன். ஆனா எனக்கு நிம்மதியா இருக்குங்க. அத யார்கிட்டயாச்சும் சொல்லணும்னு இருந்திச்சு. ஊருல சொல்ல முடியாது. உங்களுக்குத்தான் அந்த நாத்தம் தெரியும்."

என் மனைவி எழுந்துபோய் ஒரு தட்டைக் கழுவி எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தாள். அன்று வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு. அந்தப் பெண் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டாள். இரண்டாவது முறையும் சோறு கேட்டு வாங்கிக்கொண்டாள்.